பெயரும் பொருளும்: ‘தமிழ் புளூராக்’ நூலிற் காணும் ஒப்பீடும் தனித்தன்மையும்

ஒருவரைப் போற்ற விரும்புவோர் பெரும்பாலும் அவரை மற்றொருவரோடு ஒப்பிட்டே போற்றுகின்றனர். 1789இல் காளிதாசரின் சாகுந்தலத்தை ஆங்கிலத்தில் வெளியிட்ட சேர் வில்லியம் யோன்ஸ், அம்மகாகவியை இந்தியாவின் சேக்ஸ்பியர் எனத் தம் நாட்டார்க்கு அறிமுகஞ் செய்தார். தமிழகத்தில் அறிஞர் அண்ணாதுரையைத் தென்னாட்டுப் பேர்னாட்ஷா என மேடைகளிற் பாராட்டினர். இங்ஙனம் பாராட்டியோர் உள்ளத்தில் இகழ்ச்சி இல்லை. அன்பும் மதிப்புமே உண்டு. ஆயினும் அப்பாராட்டு ஒரு திசையிலேயே செல்வதைக் காணலாம். சேக்ஸ்பியருக்கு ஆயிரமாண்டுக்கு மேல் முற்பட்டவர் காளிதாசர். முற்பட்டவரைப் பிற்பட்டவரின் பெயரால் அழைத்த உலகம், பிற்பட்டவரை இங்கிலாந்தின் காளிதாசர் என்று அழைக்கவில்லை. புகழ்ச்சியே ஆயினும், அளக்கும் கோல் ஒருவரிடத்தும் அளக்கப்படும் பொருள் மற்றொருவரிடத்தும் நின்றுவிடுகின்றன.

இதன் காரணத்தைத் தமிழிலக்கணம் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தது. உவமையாகக் கொள்ளப்படும் பொருள் உயர்ந்ததாதல் வேண்டும் என்பது தொல்காப்பியர் உவமவியலிற் கூறும் கருத்து. முகத்துக்கு மதியை உவமை கூறுமிடத்து மதியே உயர்ந்தது. முகம் அதன் ஒளியைக் கடன் பெறுகின்றது. கவிதையில் இஃது அழகு பயக்கும். ஒரு புலவரின் தகுதியை ஆராயுமிடத்திலோ அவ்விதியே ஊறு விளைக்கின்றது. ‘இன்னார் எங்கள் நாட்டு இன்னார்’ என்றவுடன், பின்னுள்ள பெயர் உவமையாகி உயர்ந்து நிற்க, முன்னுள்ள பெயர் உவமேயமாகித் தாழ்ந்து நிற்கும். சொல்வோர் கருதினும் கருதாவிடினும் சொல்லின் இயல்பு அதுவேயாம்.

இவ்வுண்மையை ஆராய்தற்கு மிகவும் ஏற்றதொரு நூல் ஈழத்திலே தோன்றியுள்ளது. அது 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சிடப்பட்ட ‘தமிழ் புளூராக்’ என்னும் ஆங்கில நூல். அதனை இயற்றியவர் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி. நூலின் பெயர் ஒப்பீட்டின் வடிவம். நூலின் உள்ளீடோ ஒப்பீட்டை விலக்கிய ஒழுங்கு. பெயருக்கும் பொருளுக்கும் இடையேயுள்ள இம்முரண் நூலாசிரியரின் கவனக்குறைவால் நேர்ந்ததென்று தள்ளத்தக்கதன்று. தமிழ்ப் புலவரை எவ்வாறு மதித்தல் வேண்டும், எவ்வாறு மதித்தல் கூடாது என்னும் இரண்டினையும் ஒருங்கே காட்டுவது அதுவே. நூலை அதன் பெயர் கொண்டு மட்டும் அறிந்தோர் பலர். ஆதலின் அதன் உள்ளீட்டை அதற்குரிய இடத்தில் வைத்து நோக்குதல் தகும்.

கற்பிட்டி, புத்தளம் மாவட்டத்துக் கரையில், மேற்கே பெருங்கடலும் கிழக்கே புத்தளக் கடனீரேரியும் அணைத்து நிற்கும் ஒடுங்கிய குடாநாட்டின் வடபால் அமைந்த ஊர். ஒல்லாந்தர் 1667இற் கட்டத் தொடங்கிய கோட்டை இன்றும் அங்கே நிற்கின்றது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என மூவராட்சியையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ட துறை அது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கடற்றொழிலாலும் வாணிகத்தாலும் கலந்து வாழ்ந்த கரை அது. எனினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தமிழ்க் கல்விக்கு நடுநிலையமாக அஃது எண்ணப்படவில்லை. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி யாழ்ப்பாணத்தில் இருந்தது. ஆறுமுக நாவலரின் பணி நல்லூரையும் சிதம்பரத்தையும் சென்னையையும் சார்ந்து நிகழ்ந்தது. இரு பெருநிலையங்களுக்கும் அப்பாற்பட்ட ஒரு துறைமுகத்திலிருந்தே தமிழ்ப் புலவர் வரலாற்றைத் தொகுக்கும் முயற்சி எழுந்ததென்பது கருதத்தக்கது.

காசிச்செட்டி 1807இற் பிறந்தவர், தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறிய செட்டிமார் மரபினர், சமயத்தாற் கிறித்தவர். இளமையிலேயே அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து, பின்னர் முதலியார் பதவி பெற்றார். 1834இல், இருபத்தேழாம் வயதில், ‘இலங்கை கசற்றியர்’ என்னும் இடவிளக்க அகராதியைக் கோட்டை மிசன் அச்சகத்தில் வெளியிட்டார். 1837இற் பரவர் வரலாறு பற்றிய அவருடைய கட்டுரை இலண்டன் அரச ஆசியக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. 1838இற் சட்டநிரூபண சபையின் உறுப்பினரானார். பிற்காலத்திற் சிலாபத்தில் நீதிபதியாக இருந்தார். ‘தமிழ் புளூராக்’ வெளிவந்த மறு ஆண்டாகிய 1860இல் மறைந்தார். எனவே அந்நூல் ஒருவாறு அவர் வாழ்க்கையின் முடிவுரை எனலாம்.

நூலின் முழுப்பெயர் நீண்டது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மிகப் பழைய காலந்தொட்டுத் தம் காலம் வரை வாழ்ந்த ஆண்பாற் புலவர், பெண்பாற் புலவர் ஆகியோரின் வரலாற்றுச் சுருக்கமும், அவர்தம் பாடல்களிலிருந்து தெரிந்தெடுத்த பகுதிகளும் அடங்கியது என்பது அதன் பொருள். ஏறத்தாழ இருநூறு புலவர்கள் அதில் இடம்பெற்றுள்ளனர். அவர்களை ஆசிரியர் ஆங்கில அகரவரிசையில் நிறுத்தியுள்ளார். தமிழ்ப் புலவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த இத்தகைய விரிவான தொகுப்பு அதற்குமுன் இருந்ததில்லை.

இனிப் பெயரை நோக்குவாம். புளூராக் என்பவர் கி.பி. முதலாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கிரேக்க நாட்டின் கைரோனியா என்னும் சிற்றூரிற் பிறந்த அறிஞர். அவருடைய வாழ்க்கை வரலாற்று நூல் ‘இணை வரலாறுகள்’ என வழங்கப்பெறும். கிரேக்கர் ஒருவரையும் உரோமர் ஒருவரையும் இணைத்து, இருவர் வரலாற்றையும் அடுத்தடுத்து உரைத்து, பெரும்பாலான இணைகளின் முடிவில் இருவரையும் சீர்தூக்கிப் பார்ப்பது அவர் முறை. தீசியசும் உரோமுலசும் ஓர் இணை. அலெக்சாந்தரும் சீசரும் ஓர் இணை. தெமொஸ்தெனீசும் சிசெரோவும் ஓர் இணை. இன்று எஞ்சியுள்ள ஐம்பது வரலாறுகளுள் நாற்பத்தாறு இவ்வாறு இணைக்கப்பட்டவை. ஆகவே புளூராக் என்னும் பெயர் வாழ்க்கை வரலாற்றுக்கு மட்டுமன்றி, ஒப்பீட்டுக்கும் அடையாளமாயிற்று.

அவர் காலத்திற் கிரேக்கம் உரோமரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஆளப்படும் இனத்தைச் சார்ந்த ஒருவர் ஆளும் இனத்தின் பெருமக்களோடு தம் இனத்தின் பெருமக்களை ஒரே தட்டில் வைத்து நிறுத்தியமை எளிய செயலன்று. காசிச்செட்டியும் அத்தகைய நிலையிலிருந்தவரே. அவர் எழுதியது ஆளுவோரின் மொழியில்; படிப்போர் அரசாங்க உத்தியோகத்தரும் மிசனரிமாரும் ஆங்கிலங் கற்ற சுதேசிகளும். 1579இல் தோமஸ் நோத் செய்த மொழிபெயர்ப்பின் வழியாக ஆங்கிலேயர்க்குப் புளூராக் நன்கு அறிமுகமாகியிருந்தார். சேக்ஸ்பியரின் ‘யூலியஸ் சீசர்’ நாடகத்துக்கும் அம்மொழிபெயர்ப்பே மூலம். எனவே ‘புளூராக்’ என்னும் ஒரு சொல், ‘இந்நூலிற் பெருமக்களின் வரலாறுகள் உள’ என்று ஆங்கிலங் கற்றோர்க்கு உடனே உணர்த்த வல்லது. அயலாரின் வாயிலைத் திறக்க அயலாரின் திறவுகோலையே ஆசிரியர் எடுத்தார் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

ஆயின் வாயிலைத் திறந்து உட்புகுந்த பின் ஆசிரியர் அத்திறவுகோலைப் பயன்படுத்தவில்லை. புளூராக்கின் வழியைப் பின்பற்ற எண்ணியிருப்பின் அதற்குரிய இணைகள் அவர்க்கு எளிதிற் கிடைத்திருக்கும். கம்பரை ஓமரோடும், ஒளவையாரைச் சாபோவோடும், அகத்தியரைக் கிரேக்கத் தொல்லிலக்கணியர் ஒருவரோடும் சேர்த்து, ஒவ்வோர் இணையின் முடிவிலும் தமிழர் ஒருபடி உயர்ந்தார் என்றோ, ஒருபடி தாழ்ந்தார் என்றோ தீர்ப்பளித்திருக்கலாம். அத்தகைய நூல் அக்காலத்து ஆங்கிலேயரின் ஆவலைத் தூண்டியும் இருக்கும். காசிச்செட்டி அவ்வாறு செய்யவில்லை. நூலிற் புலவர் எவரும் இணையாக நிறுத்தப்படவில்லை. முடிவிற் சீர்தூக்கும் பகுதியும் இல்லை. ஓரிடத்து மேனாட்டுப் பெயரொன்று தலைகாட்டினும், நூலின் கட்டுமானம் அதன்மேல் நிற்கவில்லை. ஒவ்வொரு புலவரும் தத்தம் பெயரின்கீழ், தத்தம் ஊரோடும் கதையோடும் நூல்களோடும் நிற்கின்றனர்.

இவ்வமைப்பு எங்கிருந்து வந்தது? அதற்கு விடை 1834ஆம் ஆண்டு நூலில் உளது. ‘இலங்கை கசற்றியர்’ ஊர்களையும் துறைகளையும் ஆறுகளையும் அகரவரிசையில் விளக்குவது. இடவிளக்க அகராதி எழுதுவோர்க்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கொழும்பு பெரிது, கற்பிட்டி சிறிது என்பது பற்றிக் கற்பிட்டியைக் கொழும்பின் குறைந்த வடிவமாக எழுதுதல் அவர்க்கு இயலாது. கற்பிட்டி எங்குள்ளது, அதன் நீர் எத்தகையது, அங்கே யார் வாழ்கின்றனர், என்ன விளைகின்றது என்பவற்றையே எழுதுதல் வேண்டும். சிற்றூருக்கு வரி குறையலாம்; தனித்தலைப்பு மறுக்கப்படுவதில்லை. இருபத்தைந்து ஆண்டுகளின் பின் காசிச்செட்டி புலவர்க்குச் செய்ததும் இதுவே. சிலர்க்கு நீண்ட வரலாறு. சிலர்க்குச் சில வரிகள். ஆயினும் ஒவ்வொருவர்க்கும் ஒரு தலைப்பு. நூலின் பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது. நூலின் முறை கற்பிட்டி முதலியாரின் சொந்தத் தொழிலிலிருந்து வந்தது.

அகரவரிசையை அறிவு குறைந்த ஒழுங்கென்று சிலர் கூறுவர். காலமுறையும் பொருண்முறையும் வரலாற்றுக்கு இன்றியமையாதன என்பது உண்மையே. அகரவரிசையில் தொன்மை வாய்ந்த புலவர் ஒருவரின் அருகே மிகப் பிற்பட்ட புலவர் ஒருவர் நிற்க நேரும். தென்னிந்தியப் புலவர்க்கு அடுத்து ஈழத்துப் புலவர் வருவார். மன்னரின் அருகே வறியவர் நிற்பார். வளர்ச்சியின் தொடர்ச்சி அதனால் மறைகின்றது. எனினும் அவ்வரிசைக்கு ஓர் அறம் உண்டு. அதில் எவர்க்கும் தலைமைப் பீடம் இல்லை. எவர்க்கும் கடையிடமும் இல்லை. எழுத்தின் வரிசையன்றித் தகுதியின் வரிசை அங்கே அளிக்கப்படுவதில்லை. ‘தென்னிந்தியாவும் இலங்கையும்’ என நூற்பெயரிலேயே இரு கரைகளையும் ஒருங்கே கூறியவர், உள்ளேயும் இரு கரைப் புலவரையும் ஒரே நிரலில் நிறுத்தினார். ஒரு கரையை மூலமாகவும் மறு கரையைப் படியாகவும் அவர் கொள்ளவில்லை.

இரண்டாவது சிறப்பு, பாடற் பகுதிகளை எடுத்துக் காட்டியமை. ஒரு புலவர் எத்தகையர் என்பதைத் திறனாய்வாளர் பிறரோடு ஒப்பிட்டுக் கூறலாம். அன்றிப் புலவரையே பேசவும் விடலாம். ஒப்பீடு எத்துணை நுட்பமாயினும், படிப்போர் அறிந்த ஒன்றைக் கொண்டே அறியாத ஒன்றை உணர்த்துவது. அதனால் அறியாததன் புதுமை பாதி மறைந்துவிடும். பாடலை முன்வைத்தலோ அப்புதுமையை முழுமையாக எதிர்கொள்ளச் செய்வது. புலவரை அவருடைய சொல்லாலேயே அறிமுகப்படுத்தும் இந்நெறி, இன்றும் இலக்கியங் கற்பிப்போர் மறத்தற்கரிய நெறியாகும்.

புளூராக்கின் பெயரைக் காசிச்செட்டி சூடிக்கொண்டது பற்றி ஆராயுமிடத்துப் புளூராக்கே ஒப்பீட்டுக்கு வகுத்த எல்லையை நினைவுகூர்தல் வேண்டும். தெமொஸ்தெனீசின் வரலாற்றுத் தொடக்கத்தில் அவர் இருவரின் நாவன்மையையும் ஒப்பிட மறுக்கின்றார். காலம் கடந்தே இலத்தீன் மொழியைக் கற்றதால் அம்மொழியின் சொல்லழகை மதிப்பிடும் ஆற்றல் தமக்கு இல்லை என்பது அவர் கூறும் காரணம். அவ்வொப்பீட்டில் துணிந்து இறங்கிய செசிலியஸ் என்னும் அறிஞரை எள்ளிவிட்டு, தன்னைத் தான் அறிதல் எளிதாயின் அது தெய்வக் கட்டளையாகக் கருதப்பட்டிராது என்னும் கருத்துப்படவும் உரைக்கின்றார். தெல்பித் திருக்கோயிலிற் பொறிக்கப்பட்டிருந்த வாக்கே அவர் குறிப்பது. அக்கோயிலின் பூசகராகவும் அவர் பணியாற்றியவர். ஒப்பீட்டுக்கே பெயர் பெற்றவர், தம் அளவை அறிந்து ஒப்பீட்டை நிறுத்திய இடம் அது.

அதே இடத்திற் புளூராக் தம் ஊரைப் பற்றியும் கூறுகின்றார். வரலாறு எழுதுவோர்க்கு நூல்கள் நிறைந்த பெருநகரம் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்ட அவர், தாம் வாழ்வது சிற்றூரென்றும், தாமும் நீங்கினால் அஃது இன்னும் சிறிதாகிவிடுமாதலின் அங்கேயே வாழ விரும்புவதாகவும் உரைக்கின்றார். கைரோனியாவை ஏதென்சின் குறைந்த வடிவமாக அவர் எண்ணவில்லை. உண்மையில் இருவர்க்கும் பொதுவானது இந்நிலையே. கற்பிட்டித் துறையின் முதலியார்க்குக் கிரேக்க அறிஞரின் பெயரைச் சூடும் உரிமை உளதாயின், அஃது இருவர் நூல்களின் வடிவ ஒப்புமையாலன்று; தாம் நின்ற இடத்திலிருந்தே தம்மவர் அனைவரையும் நோக்கிய நிலையாலேயாம்.

இவ்வளவு கூறியதால் நூல் குற்றமற்றதென்று கொள்ளுதல் கூடாது. வரலாறும் பழங்கதையும் அதிற் பிரிக்கப்படாமற் கலந்துள்ளன. திருவள்ளுவரையும் ஒளவையாரையும் உடன்பிறந்தோராக்கும் கதை அதில் இடம்பெறுகின்றது. ஒளவையார் என்னும் பெயருடையார் ஒருவரல்லர், வெவ்வேறு காலத்தவர் பலர் என்பது பிற்கால ஆராய்ச்சியின் முடிவு. கால வரையறைகளிலும் தளர்ச்சி மிகுதி. புலவர் வரலாற்றை நம்பி ஆராயப் புகுவோர் இந்நூலை மட்டும் துணைக்கொள்வாராயின் வழி தவறுவர். தி. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளோடு 1946இற் கொழும்பில் இரண்டாம் பதிப்பு வெளிவந்தமை, நூலின் தேவையையும் அதன் திருத்தவேண்டிய நிலையையும் ஒருங்கே உணர்த்துவதாகும்.

ஆயினும் இங்கேயும் ஒப்பீடு பற்றிய எச்சரிக்கை வேண்டும். காசிச்செட்டியைச் சி. வை. தாமோதரம்பிள்ளையோடும் உ. வே. சாமிநாதையரோடும் ஒப்பிட்டு, அவர்க்கிருந்த நுட்பம் இவர்க்கில்லை எனக் கூறுதல் எளிது. ஆனால் ‘தமிழ் புளூராக்’ வெளிவந்த 1859இற் கலித்தொகை அச்சேறவில்லை. அது 1887இல் வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் சாமிநாதையர் பதிப்பாற் கற்றோர்க்குக் கிடைத்தன. ஏடுகளும் செவிவழிக் கதைகளுமே துணையாக, அரசாங்க அலுவலின் இடையே, கற்பிட்டியிலும் சிலாபத்திலும் இருந்து எழுதியவரை அச்சுநூற் செல்வத்தின் பின்வந்தோரோடு நிறுத்தி அளத்தல் நீதியன்று. அவர் கையிலிருந்தவை எவை, அவற்றைக் கொண்டு அவர் செய்தது என்ன என்பதே கேட்கத்தக்க கேள்வி. அக்கேள்விக்கு நூல் தரும் விடை பெருமைக்குரியது.

நூலின் மற்றொரு குறை அதன் மொழி. தமிழ்ப் புலவரின் வரலாறு ஆங்கிலம் அறியாத தமிழர்க்கு எட்டாத நூலாயிற்று. இக்குறையைத் தீர்த்தவர் ஈழத்திலேயே தோன்றினர். 1886இல் யாழ்ப்பாணத்து ஆணல்ட் சதாசிவம்பிள்ளை, ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்னும் பெயரில், நானூற்றுக்கு மேற்பட்ட புலவரின் வரலாறுகளைத் தமிழில் வெளியிட்டார். 1916இற் சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவரின் ‘தமிழ்ப் புலவர் சரித்திரம்’ வந்தது. 1939இற் புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையரின் ‘ஈழநாட்டுத் தமிழ்ப் புலவர் சரிதம்’ வந்தது. இந்நான்கு நூற்பெயர்களையும் நிரலே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். முதல் நூல் கிரேக்கரின் பெயரைத் தாங்கியது. இரண்டாவது, அப்பெயரை நீக்கி விளக்கின் பெயரைத் தாங்கியது. மூன்றாவது, அணியேதுமின்றிப் பொருளையே பெயராகக் கொண்டது. நான்காவது, தன் நாட்டின் பெயரையே தலையில் தாங்கியது. எண்பது ஆண்டுகளில் இரவற் பெயர் உதிர்ந்தது. காசிச்செட்டி தொடங்கிவைத்த பணி உதிரவில்லை. பெயரிற் கடன்பட்ட நூலே பெயர்க்கடன் தீர்ந்த நூல்களுக்கு வழிகோலியது.

இவ்விடத்தே ஒரு தடை எழும். ஒப்பீடு அனைத்தும் தீதெனின், ஒப்பியல் ஆராய்ச்சி எவ்வாறு நிகழும்? ‘தமிழ் புளூராக்’ வெளிவருவதற்கு மூன்றாண்டு முன், 1856இற் கால்டுவெல் ஐயரின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. தமிழ் வடமொழியின் வழிவந்ததன்று, தனிக் குடும்பத்தைச் சார்ந்ததென்பதை உலகம் ஏற்குமாறு செய்தது அவ்வொப்பீடன்றோ? வ. வே. சு. ஐயர் கம்பராமாயணத்தை ஆராய்ந்து ஆங்கிலத்தில் எழுதிய நூலில், ஓமர், வேர்சில், மில்ரன் ஆகியோரோடு கம்பரை வைத்து நோக்கியதாற் கம்பரின் பெருமை விளங்கவில்லையோ?

இத்தடைக்கு விடை எளிது. ஒப்பீடு இருவகைப்படும். வேற்றுமையைக் காண்பதற்காக இரண்டினை அருகருகே வைத்தல் ஒருவகை. ஒன்றனை அளவுகோலாக்கி மற்றொன்றன் உயரத்தை அளத்தல் மற்றொரு வகை. கால்டுவெல் செய்தது முதல்வகை. பல மொழிகளை அருகருகே வைத்தமையால் ஒவ்வொன்றன் தனியியல்பும் தெளிவாயிற்று. தமிழின் தனித்தன்மை ஒப்பீட்டினாலேயே நிறுவப்பட்டது. வ. வே. சு. ஐயரின் நூலில் இருவகையும் கலந்துள்ளன. கம்பர் ஒரு நிகழ்ச்சியை எவ்வாறு கட்டுகின்றார் என்று காட்டுமிடங்கள் என்றும் பயன்படுவன. யார் பெரியர் என்று தீர்ப்பளிக்கும் இடங்களோ, அன்று ஆங்கிலக் கல்வி தந்த இழிவைத் துடைக்க உதவினும், அந்நோய் தீர்ந்தபின் மருந்தாக நில்லா. கம்பர் மில்ரனை வென்றார் என்பதிலும் மில்ரனே அளவுகோல். தோற்றாலும் வென்றாலும் ஆட்டத்தின் விதியை வகுத்தவர் வேறொருவரே.

பாரதியாரின் வளர்ச்சி இதனை நன்கு விளக்கும். இளமையிற் சில காலம் அவர் ஷெல்லிதாசன் என்னும் புனைபெயர் பூண்டார். ஆங்கிலக் கவிஞரிடத்து அவர்க்கிருந்த பற்று போலியன்று. அதனால் அவர் பெற்ற ஊக்கமும் சிறிதன்று. ஆயின் தமிழுலகம் அவரைப் போற்றுவது ஷெல்லியை ஒத்திருந்தமைக்காக அன்று. சித்தர் பாடலின் எளிமையும், சிந்தின் ஓசையும், நாட்டு விடுதலையின் வேட்கையும் கூடி ஒலித்த அவருடைய சொந்தக் குரலுக்காகவே போற்றுகின்றது. பிறரிடம் கற்றல் வேறு, பிறராதல் வேறு. முன்னதனாற் குரல் வலிமை பெறும்; பின்னதனாற் குரலே இல்லாதொழியும்.

ஈழத்து இலக்கியத்துக்கு இவ்வேறுபாடு உயிர்நிலையானது. தமிழகத்து எழுத்தை மூலமாகவும் ஈழத்து எழுத்தை அதன் கிளையாகவும் கருதும் பழக்கம் நெடுங்காலம் நிலவியது. 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைச் சார்ந்தோர் தேசிய இலக்கியம் என்னும் குரலை எழுப்பியதும், மண்வாசனை என்னும் சொல் வழங்கத் தொடங்கியதும் அப்பழக்கத்தை எதிர்த்தேயாம். அக்குரலின் அரசியலை ஏற்போரும் மறுப்போரும் இருக்கலாம். ஆனால் அது கேட்ட கேள்வி நேரியது: இக்கரையின் வாழ்வு, இக்கரையின் சொல்லால், இக்கரையின் அளவால் ஏன் எழுதப்படலாகாது? இக்கேள்வி எழுவதற்கு நூறாண்டு முன்பே, இரு கரைப் புலவரையும் ஒரே நிரலில் நிறுத்திய கற்பிட்டியார் அதற்கு ஒருவாறு விடை கூறியிருந்தார்.

கல்லூரியிற் பயில்வோர்க்கும் இந்நூலில் ஒரு படிப்பினை உண்டு. ஒரு புலவரைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர், அவர் எந்த ஆங்கிலப் புலவரைப் போன்றவர் எனத் தேடுவதில் முதற் பக்கத்தைச் செலவிடுவதுண்டு. அப்பக்கத்தில் அப்புலவரின் பாடலொன்றை எடுத்து, அதன் சொல் எவ்வாறு நடக்கின்றது, அதன் உவமை எந்நிலத்திற் பிறந்தது என ஆராய்ந்திருப்பின், கட்டுரை அவர்க்கே உரியதாகியிருக்கும். இலக்கியத்துக்குக் கூறியது வாழ்வுக்கும் பொருந்தும். பக்கத்து மாணவரின் மதிப்பெண்ணைக் கோலாகக் கொண்டு தம்மை அளப்பவர், வென்றபோதும் தம்மை அறியார். தோற்றபோதும் தம்மை அறியார். அவர் அறிவது பக்கத்து மாணவரை மட்டுமே. கற்பிப்போரும் மாணாக்கரை ஒருவர்க்கொருவர் உவமையாக்காது, ஒவ்வொருவர்க்கும் ஒரு தலைப்பு வகுத்து நோக்குவாராயின், சில வரிகளே பெறத்தக்கவரும் தம் வரிகளைத் தாமே பெறுவர்.

முடிவாக, ‘தமிழ் புளூராக்’ அதன் பெயரினும் பெரிய நூல். பெயர் அதனை எழுதிய காலத்துக்கு உரியது; ஆளுவோரின் அவையில் இடம்பெற அவர்கள் அறிந்த பெயரொன்று வேண்டியிருந்த காலம் அது. உள்ளீடு எக்காலத்துக்கும் உரியது. அதன் கதைகளிற் சில பொய்யாகலாம், ஆண்டுகள் பிழையாகலாம், பிற்கால ஆராய்ச்சி அவற்றைத் திருத்தியுள்ளது, இனியும் திருத்தும். திருத்தவேண்டாதது அதன் நிலைப்பாடு. இருநூறு புலவரை ஒருவர் நிழலில் ஒருவர் நில்லாதவாறு நிறுத்திய அவ்வொழுங்கில், தமிழ்த் திறனாய்வு தன் கடமையைக் கற்றுக்கொள்ளலாம். காசிச்செட்டியைத் தமிழரின் புளூராக் என அழைப்பதைக் காட்டிலும், கற்பிட்டியிற் பிறந்து தமிழ்ப் புலவர் வரலாற்றைத் தொகுத்த சைமன் காசிச்செட்டி என அழைப்பதே அவர்க்குச் செய்யும் உண்மையான சிறப்பாகும்.